கரண்ட் இல்லாத இரவுகளும் மாமாவின் கொப்பியும்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

2022 மார்ச் கடைசி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, பால்மா வரிசை. இரவானால் ஊரே இருட்டு. போன் டவர்களும் பட்டரி தீர்ந்து ஒவ்வொன்றாகச் செத்துவிடும். அப்படி ஒரு இரவில் இஷா தொழுதுவிட்டு வந்து, அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடந்த மாமாவின் பழைய ரேடியோவை இறக்கினேன். மர்ஹூம் மாமா, உம்மாவின் தம்பி. சில்லறைக் கடை வைத்திருந்தவர் என்றுதான் பலருக்கு அவரைத் தெரியும். அல்லாஹ் அவரது கப்றை விசாலமாக்கட்டும்.

பட்டரி போட்டு சிற்றலைக்குத் திருப்பினேன். உண்மையைச் சொன்னால், எதையும் எதிர்பார்த்துத் திருப்பவில்லை. அதற்கு முந்திய பத்து வருடத்தில் அந்த ரேடியோவைப் போட்ட போதெல்லாம் ஒரே இரைச்சல்தான். "சிற்றலை செத்துப் போச்சு" என்று நானே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றிரவு முள்ளை நகர்த்த நகர்த்த ஆட்கள் பேசினார்கள். சீன வானொலி, ஆல் இந்தியா ரேடியோ, ஆபிரிக்காவுக்குப் போகும் பிரெஞ்சு ஒலிபரப்பு, என்ன பாஷை என்று எனக்கு விளங்காத ஒரு பெண்குரல். மத்திய அலையில் தூத்துக்குடி 1053 பக்கத்து வீட்டில் பேசுவதைப் போல வந்தது.

சிற்றலை சாகவில்லை. நாம்தான் அதை மூடியிருக்கிறோம். எல்ஈடி பல்ப், போன் சார்ஜர், ரவுட்டர், டீவி பெட்டி என்று ஒவ்வொரு வீட்டிலும் பத்துப் பதினைந்து சாமான்கள். இவற்றுக்குள் இருக்கும் மின்சாரத்தை மாற்றும் சின்னச் சுற்று ஒரு விநாடியில் பல்லாயிரம் தடவை திறந்து மூடுகிறது. அந்தத் துடிப்பு வயர் வழியாக வெளியே வந்து சிற்றலை, மத்திய அலை முழுக்க இரைச்சலாகப் பரவுகிறது. ஊருக்கே கரண்ட் போனபோது அந்த இரைச்சலும் போனது. மாமா 1980இல் கேட்ட வானத்தை நான் 2022இல் சில இரவுகள் கேட்டேன்.

அதற்குப் பிறகுதான் மாமாவின் கொப்பிகளைத் தேடி எடுத்தேன். பதினொரு கொப்பி இருந்ததாக மாமி சொல்கிறார். 1990இல் இடம்பெயர்ந்தபோது சில, 2004 சுனாமியில் சில என்று போக, மிஞ்சியது நான்கு. மற்றப் பழைய பேப்பர்களோடு சேர்த்து அவையும் ஒருநாள் கடலைச் சுருளாகப் போயிருக்கும். இந்தப் பதிவை எழுத அதுவும் ஒரு காரணம்.

முதலில், இது என்ன பொழுதுபோக்கு என்று தெரியாதவர்களுக்காக. தூரத்து வானொலி நிலையங்களைத் தேடிக் கேட்பதற்கு உலகம் முழுக்க டிஎக்ஸ் என்று பெயர். தந்தி அடித்தவர்கள் 'தூரம்' என்பதற்குப் பாவித்த சுருக்கெழுத்து அது. பாட்டுக் கேட்பது நோக்கமல்ல. எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு மெலிந்த குரலை, இன்னார்தான் என்று உறுதியாக அடையாளம் காண முடிகிறது என்பதே விளையாட்டு.

இதன் ஆரம்பத்தைச் சொல்வதென்றால் 1921 டிசம்பருக்குப் போக வேண்டும். அமெரிக்க அரசாங்கம் அங்கிருந்த பொழுதுபோக்கு வானொலிக்காரர்களை 200 மீற்றரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களுக்குத் தள்ளிவிட்டிருந்தது. தூரம் போகாத, பிரயோசனமில்லாத அலைகள் என்பது அந்தக் காலத்துப் பெரியவர்களின் தீர்ப்பு. பொடியன்கள் விடவில்லை. தங்களில் ஒருவரான போல் கொட்லி என்பவரைக் கப்பலேற்றி ஸ்கொட்லாந்துக்கு அனுப்பினார்கள். அவர் ஆர்ட்ரொசன் கடற்கரையில், குளிரிலும் மழையிலும் ஒரு கூடாரம் அடித்து, நீளமான வயரை இழுத்துக் கட்டி, இரவிரவாகக் காதுக்கருவியோடு உட்கார்ந்திருந்தார். அமெரிக்காவின் கனெக்டிகட்டிலிருந்து அனுப்பப்பட்ட செய்தி அட்லாண்டிக்கைத் தாண்டி அவர் காதில் விழுந்தது. உபயோகமில்லை என்று ஒதுக்கப்பட்ட அலைதான் பிறகு உலகத்தையே சுற்றியது. அன்று கொட்லி கொண்டுபோயிருந்ததும் அந்தக் காலத்தின் மிகப் புதிய சாதனம். அப்படியொரு றிசீவரை ஐரோப்பாவில் பலர் கண்ணால் கண்டிருக்கவும் மாட்டார்கள். "இதெல்லாம் பழைய காலத்துக் கலை, புதிய கருவி வந்து கெடுத்துவிட்டது" என்று சொல்கிறவர்களுக்கு நான் இந்தக் கூடாரத்தைத்தான் ஞாபகப்படுத்துவேன்.

நமது நாடும் இதில் பிந்தவில்லை. கொழும்புத் தந்திக் கந்தோரின் தலைமைப் பொறியியலாளராக இருந்த எட்வர்ட் ஹாப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் பாகங்களைக் கொண்டு பரீட்சார்த்தமாக ஒலிபரப்பிப் பார்த்து, 1925 டிசம்பர் 16இல் முறையான சேவை தொடங்கியது. மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளையகத்துக்காக ஏக்கலையில் நிறுவப்பட்ட 100 கிலோவாட் சிற்றலை அனுப்பி பிறகு நமக்கு வந்தது. ரேடியோ சிலோன் என்ற பெயர் ஆசியா முழுக்கப் போனது அதன் பலத்தில்தான். நாம் தூரத்தைக் கேட்டதற்கு முன்பே தூரத்தில் உள்ளவர்கள் நம்மைக் கேட்டார்கள்.

மாமாவின் முதல் கொப்பி 1974இல் தொடங்குகிறது. அப்போது அவருக்கு 16 வயது. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம்; ஒரு ரேடியோ இருந்த வீடு பெரிய வீடு. அவரது வாப்பாவின் ட்ரான்சிஸ்டர் செட், தென்னைக்கும் கிணற்றடி முருங்கைக்கும் இடையில் கட்டிய செப்புக் கம்பி, ஒரு கடைக் கணக்குக் கொப்பி, இவைதான் மூலதனம்.

கொப்பியின் ஒவ்வொரு வரியிலும் திகதி, நேரம், அலைவரிசை, பாஷை, கேட்ட விடயம், கடைசியில் ஐந்து இலக்கம். 45444, 23322 என்று. சின்ன வயதில் அதை லொத்தர் இலக்கம் என்று நினைத்திருக்கிறேன். அது சின்போ என்ற முறை. ஒலியின் பலம், பக்கத்து நிலையத்தின் குறுக்கீடு, இரைச்சல், அலையின் ஏற்ற இறக்கம், மொத்தத்தில் எப்படி, இந்த ஐந்துக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. கேட்டதை இந்தக் கணக்கோடு கடிதமாக எழுதி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். நிலையத்தின் பொறியியலாளர் தன் பதிவோடு ஒத்துப் பார்த்து, சரியென்றால் ஒரு அட்டை அனுப்புவார். அதற்குப் பெயர் கியூஎஸ்எல் அட்டை. பெரிய நிலையங்கள் தபால் செலவு கேட்பதில்லை. சின்ன நிலையங்களுக்குச் சர்வதேசப் பதில் கூப்பன் வைத்து அனுப்ப வேண்டும். 1906இல் ரோம் தபால் மாநாட்டில் பிறந்த ஏற்பாடு அது. எந்த நாட்டிலும் கொடுத்து அந்த நாட்டு முத்திரையாக மாற்றலாம். மாமா ஒரு கூப்பனுக்காகப் பாதையில் ஏறித் திருகோணமலைக்குப் போய் வந்த கதையை மாமி இன்றும் சிரித்துச் சிரித்துச் சொல்வார். (2009இல் பாலம் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு: பாதை என்றால் ரோட்டு இல்லை, ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றி ஆற்றைக் கடக்கும் மிதவை.)

நேரம் எழுதுவதிலும் ஒரு சங்கதி உண்டு. உலக நேரத்தில் எழுத வேண்டும், இலங்கை நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் கழித்து. 1996 மே மாதம் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்கே வந்தோம். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இந்த மாற்றத்தை ஏற்கவேயில்லை. ஆக, ஒரே மாவட்டத்தில் இரண்டு நேரம். 'புது நேரமா, பழைய நேரமா' என்று கல்யாண வீட்டுக்கே கேட்டுப் போன காலம். மாமாவின் 1996 கொப்பியில் இரண்டு பக்கம் முழுக்க வெட்டித் திருத்தியிருக்கிறது. அனுப்பிய ஒரு கடிதம் 'நீங்கள் சொல்லும் நேரத்தில் அந்த நிகழ்ச்சி இல்லை' என்று திரும்பி வந்திருக்கிறது. அதையும் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறார். அட்டைகளை மட்டும் ஒட்டியவர் அல்ல.

1984இல் நிலாவெளிக்கு அப்பால் ஜெர்மனியின் டொய்ச்ச வெல்லே அஞ்சல் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஊருக்கு அது பெருமை, மாமாவுக்குத் தலையிடி. அவ்வளவு பலமான அனுப்பிக்கு இவ்வளவு கிட்ட இருந்தால், சாதாரண ரேடியோவில் முள்ளை எங்கே வைத்தாலும் ஜெர்மனிதான் பேசும். ஆனாலும் அந்த நிலையத்துக்கும் ஒரு அறிக்கை எழுதியிருக்கிறார். ஜெர்மனியின் கொலோன் நகரத்திலிருந்து அட்டை வந்திருக்கிறது, அனுப்பிய இடம் திருகோணமலை என்று அச்சடித்து. அதன் பின்பக்கத்தில் மாமாவின் எழுத்து: 'இது டிஎக்ஸ் அல்ல. சைக்கிளில் போகும் தூரம்.'

இனி விடயத்துக்கு வருகிறேன். டிஜிட்டல் என்றதும் நாம் போனையும் கணினியையும் நினைக்கிறோம். இந்தப் பொழுதுபோக்கில் டிஜிட்டல் முதலில் வந்தது ஒரு சின்னக் கண்ணாடியில் நாலைந்து இலக்கமாக. அதற்கு முந்திய ரேடியோக்களில் முள் ஒரு கோட்டின் மேல் ஓடும். 9.5க்கும் 9.6க்கும் இடையே ஒரு நகக்கண் அளவு இடம்தான். அதற்குள் ஐந்து கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் இருபது நிலையங்கள் இருக்கலாம். யாரென்று தெரிய ஒரே வழி, பெயர் சொல்லும் வரை காத்திருப்பது. 1980இல் சோனி கம்பனி ஐசிஎப்-2001 என்ற செட்டை விட்டது. அலைவரிசையை கல்குலேற்றர் போல அமுக்கினால் போதும், அந்த இடத்துக்கே போய் நிற்கும். 1985இல் அதன் தம்பி, இன்னும் திறமான செட், 2001டி என்ற பெயரில் வந்தது. அமெரிக்காவில் அதற்கு 2010 என்று பெயர். நமதூரிலிருந்து சவூதிக்குப் போன ஒரு காக்கா அதில் ஒன்றைக் கொண்டுவந்தார். மாமாவுக்குக் கொடுத்து, "பாருங்க மச்சான், இனி நீங்க தேடத் தேவையில்ல" என்றாராம். மாமா இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். "லொறி நம்பரப் பார்த்து ஆளச் சொல்ற மாதிரி இருக்கு. உள்ளுக்குள்ள யார் ஓட்டுறான்னு பார்க்கணுமே" என்பது அவர் சொன்ன காரணம்.

மாமா சொன்னது பிழை என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பாதிதான் பிழை. இலக்கம் தெரிந்ததால் உலகம் முழுக்கக் கேட்பவர்கள் அதுவரை பிடிபடாத நூற்றுக்கணக்கான சின்ன நிலையங்களைப் பிடித்தார்கள். டென்மார்க்கில் 1947இல் தொடங்கி வருடாவருடம் வந்த உலக வானொலிக் கைநூலைத் திறந்து, இந்த இலக்கத்தில் இந்த நேரத்தில் யார் என்று ஒத்துப் பார்க்க முடிந்தது. மாமா திருப்பிக் கொடுத்ததில் நஷ்டம் மாமாவுக்குத்தான். அவர் பயந்தது சும்மா இல்லை என்பதும் எனக்குப் பிறகு விளங்கியது. அதைக் கீழே சொல்கிறேன்.

யுத்த காலத்தை அதிகம் எழுதப் போவதில்லை. வடக்கில் பட்டரிக்குத் தடை இருந்தபோது சைக்கிள் டைனமோவை மிதித்து ரேடியோ கேட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பிபிசி தமிழோசையும் மணிலாவின் வெரித்தாஸும் இல்லாத வீடு அப்போது குறைவு. நமது பக்கத்தில் மாமாவின் பிரச்சினை வேறு. தென்னையில் கட்டிய நீளமான கம்பியைப் பார்த்து, சோதனைக்கு வந்தவர்கள் "இது யாருக்குப் பேசுற கம்பி?" என்று கேட்டார்கள். இது கேட்கிற கம்பி, பேசுகிற கம்பி அல்ல என்று விளங்கப்படுத்த ஒரு பகல் முழுக்கப் போனது. அன்று பின்னேரமே கம்பியை அவிழ்த்துவிட்டார். கொப்பியில் அதற்குப் பிறகு நான்கு வருடம் எதுவுமில்லை.

யுத்தம் முடிந்தபோது கேட்பதற்கு ஆட்கள் இருந்தார்கள், நிலையங்கள் போய்க்கொண்டிருந்தன. ரேடியோ நெதர்லாந்து 2012 ஜூனில் நின்றது. அதே மாதம் கனடாவின் சர்வதேச வானொலி சிற்றலையை விட்டது. நிலாவெளி நிலையத்தை ஜெர்மனி நமது ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைத்தது. சிலாபத்துக்குப் பக்கத்தில் இரணவிலயில் இருந்த அமெரிக்காவின் அஞ்சல் நிலையம் 2016இல் மூடப்பட்டது. 2017 ஜனவரி 31 ரேடியோ அவுஸ்திரேலியாவின் சிற்றலைக்குக் கடைசி நாள். அதே வருடம் ஏப்ரல் 30 பிபிசி தமிழோசையின் வானொலிக்குக் கடைசி நாள். மாமா இவற்றில் பலதையும் காணாமல் போய்விட்டார்.

இதே வருடங்களில்தான் கேட்கும் முறை தலைகீழாக மாறியது. பழைய ரேடியோ என்ன செய்கிறது? வானத்தில் நிறைந்திருக்கும் ஆயிரம் நிலையங்களில் ஒன்றை மட்டும் சுருளும் தகடும் வைத்துப் பிரித்தெடுத்து, மற்ற எல்லாவற்றையும் எறிந்துவிடுகிறது. மென்பொருள் வானொலி, சுருக்கமாக எஸ்டிஆர், எதையும் எறிவதில்லை. ஏரியலில் வரும் அலை முழுவதையும் விநாடிக்குப் பல மில்லியன் தடவை அளந்து இலக்கமாக்கி கணினிக்குக் கொடுக்கிறது. நிலையத்தைப் பிரிக்கும் வேலையைக் கணிதம் செய்கிறது. உயர்தரத்தில் கணிதம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் காட்டுகிறேன். பார்ப்பதற்கும் அழகு. திரையில் அலைவரிசைகள் அருவி விழுவது போலக் கீழே இறங்கும்; ஒவ்வொரு நிலையமும் ஒரு கோடு. காதுக்கு வராத மெலிந்த நிலையத்தைக் கண் முதலில் காண்கிறது.

2012இல் ஒரு வேடிக்கை நடந்தது. கணினியில் டீவி பார்ப்பதற்காக விற்ற, விரல் அளவு மலிவுச் சாமான் ஒன்றுக்குள் இருந்த ஆர்டிஎல் சிப், அலையைப் பச்சையாக அப்படியே கணினிக்குக் கொடுக்கக்கூடியது என்று சில ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். பணக்காரப் பொழுதுபோக்கு மாணவனின் கைக்கு வந்தது அன்றுதான். அதைச் சிற்றலைக்குப் பாவிக்கச் சில சில்லறை வேலைகள் செய்ய வேண்டும் என்பது வேறு கதை.

பின்லாந்தின் வட கோடியில், லாப்லாந்துக் காடுகளில், குளிர்காலத்தில் போய்த் தங்கும் கேட்பாளர்கள் இருக்கிறார்கள். ஒரு கிலோமீற்றர் அளவு நீளமான கம்பிகளைப் பனிக்கு மேலால் இழுத்து, இத்தாலியில் செய்த பெர்சியஸ் போன்ற எஸ்டிஆர்களால் மத்திய அலை முழுவதையும் இரவிரவாக ஹார்ட் டிஸ்க்கில் பதிகிறார்கள். வீட்டுக்குப் போய், மாதக்கணக்கில் அந்த இரவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்கிறார்கள். நிலையங்கள் பெரும்பாலும் மணித்தியாலம் தொடங்கும்போதுதான் பெயர் சொல்லும். பழைய ரேடியோவில் அந்த ஒரு நிமிடத்தில் ஒரு நிலையத்தைத்தான் கேட்கலாம். பதிந்து வைத்தால் அந்த ஒரு நிமிடத்தில் நூறு நிலையம். இது கேட்பதா, மீன் டின்னைத் திறந்து சாப்பிடுவதா என்று பழையவர்கள் கேலி செய்தார்கள். எனக்கும் முதலில் அந்த எண்ணம் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், ஒரு நிமிடத்தை மூன்று மாதம் கேட்கிறவனை விடப் பொறுமைசாலி யார்?

கடைசிப் படி, ரேடியோவே வீட்டில் தேவையில்லை என்பது. நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் வைத்த ஒரு றிசீவரை 2008 முதல் இன்டர்நெட் வழியாக யாரும் திருப்பலாம் என்றானது. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள், ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய அலைவரிசையில். 2016இல் நியூஸிலாந்தில் உருவான கிவி எஸ்டிஆர் என்ற பலகை வந்தது. 30 மெகாஹேர்ட்ஸ் வரை முழுச் சிற்றலையையும் விநாடிக்கு 60 மில்லியனுக்கும் மேற்பட்ட தடவை அளந்து, இன்டர்நெட்டில் திறந்துவிடுகிறது. உலகத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் தங்கள் வீட்டுக் கூரையில் அதை வைத்து யாருக்கும் இலவசமாகத் தருகிறார்கள். மூன்று நான்கு இடத்துக் கிவிகளுக்கு ஒரே சமிக்ஞை வந்துசேரும் நேர வித்தியாசத்தை ஜிபிஎஸ் மணிக்கூட்டால் அளந்து, அது எங்கேயிருந்து வருகிறது என்று வரைபடத்தில் குறிக்கவும் முடியும்.

எனது தொழினுட்பப் பிரிவு மாணவன் ஒருவனுக்கு இது எப்படியோ தெரிய வந்திருக்கிறது. 2023இல் ஒருநாள் இடைவேளையில் போனைக் கொண்டுவந்து காட்டினான்.

"சேர், பிரேசில் கேட்டன். 11780. அமசோன் காட்டுக்குப் போற வானொலியாம். டிஎக்ஸ் தானே?"

"எங்க உள்ள றிசீவர்ல கேட்டாய்?"

"பிரேசில்லதான் சேர்."

"அப்ப அது நம்ம வீட்டு ரேடியோல கொழும்பு கேக்கிற மாதிரி, மகன்."

பொடியன் முகம் விழுந்துவிட்டது. எனக்கும் பாவமாகப் போனது. அவன் ஒன்றும் பொய் சொல்லவில்லையே. அன்று பின்னேரம் மாமாவின் கொப்பியைக் காட்டினேன். இருவரும் சேர்ந்து புதுக் கொப்பி ஒன்று போட்டோம், மாமாவின் அதே கட்டங்களோடு. ஒன்று மட்டும் கூட: 'றிசீவர் இருந்த இடம்'. வீட்டு ரேடியோ என்றால் கிண்ணியா. தாய்லாந்துக் கிவியில் கேட்டால் தாய்லாந்து. அந்த ஒரு கட்டம் இருந்தால் சண்டைக்கே இடமில்லை. நிலையத்துக்கு எழுதும்போதும் அதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் அட்டை வாங்குகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அந்த அட்டையை என்ன செய்வது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது மாமாவின் லொறி நம்பருக்கு வருகிறேன். கிவி திரையில் ஒவ்வொரு அலைவரிசைக்கும் மேலே நிலையத்தின் பெயர் எழுதியிருக்கும். பலரும் சேர்ந்து போட்ட பட்டியல். மாணவன் ஒருநாள் தாய்வான் வானொலி என்று எழுதிவந்தான். பதிவைக் கேட்டேன். சீனமொழிதான், நல்ல தெளிவு, பலத்துக்கு 4 புள்ளி. நானும் சரி என்று கையொப்பமிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் ஒரு சந்தேகம். தாய்வானின் சீனமொழி ஒலிபரப்புக்கு மேலே சீனா தனது உள்நாட்டு வானொலியின் முதலாம் அலைவரிசையைப் போட்டு அமுக்குவது நெடுங்காலமாக நடக்கிறது. கேட்பது எது? கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அமுக்குவதற்காகப் போடும் அதே நிகழ்ச்சி அதே நேரத்தில் வேறு பல இடங்களிலும் ஓடும். மறுநாள் அதே நேரத்தில் போனில் ஒன்று, பாடசாலைக் கணினியில் ஒன்று என்று இரண்டு அலைவரிசையைத் திறந்து வைத்துக் கேட்டோம். இரண்டிலும் ஒரே குரல், ஒரே வசனம். ஒன்றில் மட்டும் கொஞ்சம் பிந்தி. பெயர்ப் பலகையில் தாய்வான், உள்ளே சீனா.

பிழை அவனுடையது மட்டுமல்ல. கையொப்பமிட்டவன் நான். வரியை வெட்டவில்லை. பக்கத்தில் சிவப்பால் எழுதி, இருவரும் பெயர் போட்டோம். பிழையைப் பிடிக்க உதவியதும் அதே டிஜிட்டல்தான் என்பதையும் சொல்ல வேண்டும். மாமாவின் ஒற்றை ரேடியோவில் இரண்டு இடத்தை ஒரே நேரத்தில் கேட்டிருக்க முடியாது.

அதே பையன் இன்னொரு விளையாட்டும் பழகியிருக்கிறான். வாராவாரம் அமெரிக்கச் சிற்றலையில் வரும் ஒரு நிகழ்ச்சியில் பேச்சுக்குப் பதிலாக ஒரு கீச்சுச் சத்தம் வரும். போனை ஸ்பீக்கருக்குக் கிட்டப் பிடித்தால் அந்தச் சத்தம் எழுத்தாகவும் படமாகவும் திரையில் இறங்கும். 2013இல் வொய்ஸ் ஒப் அமெரிக்காவில் தொடங்கி, 2017 முதல் தனியாக நடக்கும் முயற்சி. பள்ளிக்கூடத்தில் அதைக் காட்டியபோது எட்டாம் ஆண்டுப் பிள்ளைகள் மந்திரம் என்றே நினைத்தார்கள். நேரடியாக நமது ரேடியோவில் அது இன்னும் கிடைக்கவில்லை. பாடசாலை மைதானத்தின் ஓரத்தில், கட்டிடங்களையும் கரண்ட் கம்பிகளையும் விட்டு விலக்கி, வயர் கட்டிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறோம்.

மாமாவின் கொப்பிகளை வாசிப்பதில் பொடியனுக்கு ஒரு விடயம் விசித்திரமாகப் பட்டது. பத்து வரிக்கு ஒரு வரியாவது 'யாரென்று தெரியவில்லை' என்றிருக்கும். அவனுக்குத் தாங்கவில்லை. இன்டர்நெட்டில் பழைய உலக வானொலிக் கைநூல்களின் பக்கங்கள் ஸ்கேன் செய்து கிடக்கின்றன. நிலையங்கள் தொடங்கும்போது போடும் அடையாள ஒலிகளைச் சேர்த்து வைத்திருக்கும் தளங்களும் உண்டு. இரவிரவாக உட்கார்ந்து தேடியிருக்கிறான். முதல் கொப்பியின் மூன்றாம் பக்கத்தில், 1974இல், மஃரிபுக்குப் பின், 9.5க்கும் 9.6க்கும் நடுவில், மாமா எழுதிய வரி இது: 'குரங்குக் கூட்டம் சிரிப்பது போல் சத்தம். பிறகு ஆங்கிலம். யாரென்று தெரியவில்லை.'

பொடியன் காலையில் பாடசாலைக்கு வந்ததும் வராததுமாகப் போனை என் காதில் வைத்தான். குரங்குக் கூட்டம்தான். ஆனால் குரங்கில்லை, சேர், பறவை. அவுஸ்திரேலியாவின் கூக்கபரா. ரேடியோ அவுஸ்திரேலியா அந்தப் பறவையின் சிரிப்பைத்தான் அடையாளமாகப் போட்டது. 9580 அவர்களது பெயர்போன அலைவரிசை.

"சேர், எழுதட்டா?" என்று பேனையை எடுத்தான்.

நான் கொப்பியின் பிந்திய பக்கங்களைப் புரட்டிக் காட்டினேன். 1975இல் ரேடியோ அவுஸ்திரேலியா. 1976இல் நான்கு தடவை. மூன்றாவது கொப்பியில் அவர்களது அட்டையே ஒட்டியிருக்கிறது. மாமாவுக்கு அந்தச் சிரிப்பு யாருடையது என்று அடுத்த வருடமே தெரிந்திருக்கும். ஆனால் 1974இன் அந்த வரியை அவர் தொடவில்லை.

"ஏன் சேர் திருத்தல்ல?"

"அண்டைக்கு அவருக்குத் தெரியாதே, மகன்."

பேனையை மூடி வைத்தான். பிறகு எங்கள் கொப்பியில், அன்றைய திகதியில், கண்டுபிடித்த விதத்தை எழுதினான்.

எனக்குத் தெரிந்து மாமாவைப் போலக் கடிதம் எழுதியவர்கள் நமதூரில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்களது வீடுகளில் அட்டைகளோ, கொப்பிகளோ, நிலையங்கள் அனுப்பிய நிகழ்ச்சிநிரல்களோ, பழைய கலண்டர்களோ கிடக்கலாம். கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை. யாரும் எனக்குத் தந்துவிட வேண்டாம். உங்கள் சாமான் உங்களிடமே இருக்கட்டும். சொன்னால் நானும் அந்தப் பொடியனும் வந்து பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்கிறோம். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பின் வீட்டில்தான் இருப்பேன்.